கோழியைக் கொடுப்பதும் கோழியைக் காப்பதும்

வேத பாடம்: நீதிமொழிகள் 27:23–27, மத்தேயு 23:37



சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஏழைக் குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சுகள் வாங்கிக் கொடுக்கலாமா என்று உங்களில் பலர் கேட்டு எழுதுகிறீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசை இதற்காகவே அனுப்பவும் சில சபைகள் ஆயத்தமாயிருக்கின்றன. நல்ல எண்ணம். எனவே இந்த இதழின் பாடத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடுங்கள், ஆனால் குஞ்சின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள். குஞ்சு வாங்க ஒரு நாள் போதும். அது வளர்ந்து முதல் முட்டையிட ஏறக்குறைய ஆறு மாதமாகும். அந்த ஆறு மாதத்தைத் தாண்டுகிற குஞ்சே ஏழையின் வீட்டுக்கு ஆசீர்வாதம். தாண்டாத குஞ்சு அந்த வீட்டுக்கு இன்னுமொரு நஷ்டம். நோயினால் ஏற்கெனவே நொந்திருப்பவருக்கு இன்னுமொரு மனமடிவு.

வேதம் என்ன சொல்லுகிறது?

நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களை வாசித்துப் பாருங்கள். மந்தை வைத்திருப்பவனுக்கு ஞானி கொடுக்கும் முதல் ஆலோசனை, மந்தையைப் பெருக்கு என்பதல்ல. அதன் நிலைமையை நன்றாய் அறிந்துகொள் என்பதே. செல்வம் நிலையானதல்ல என்று அடுத்துச் சொல்லுகிறார். முடிவில் உடை, நிலத்தின் கிரயம், வீட்டாருக்கும் வேலைக்காரிகளுக்கும் போதுமான பால் ஆகிய மூன்றையும் சொல்லுகிறார். கவனித்தல் முதலாவது வருகிறது. ஆகாரம் அதன் பின்னால் வருகிறது. இந்த வரிசையை மாற்ற முடியாது.

பாலஸ்தீன நாட்டில் ஆட்டுக்குச் சொன்னது நம்முடைய ஊரில் கோழிக்கும் பொருந்தும். மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி சுற்றுவட்டாரத்திலும், நெய்வேலி நகரியத்தை அடுத்த கிராமங்களிலும், நிலமில்லாத குடும்பத்துக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு இருக்கும். கோழி அந்த வீட்டுப் பெண்ணின் உண்டியல். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், பேருந்துக் கட்டணத்துக்கும், விருந்தாளி வந்தால் குழம்புக்கும் அவள் கை நீளுவது அந்தக் கூட்டுக்குத்தான். பல ஆண்டுகளாகக் கோழி வளர்த்து அனுபவப்பட்ட தாய்மார்கள் இங்கே அநேகர். அவர்கள் வாயிலிருந்து கேட்டவற்றையும், கால்நடை மருத்துவர்கள் கற்றுத் தருகிறவற்றையும் சேர்த்து ஆறு பாடங்களாகத் தருகிறோம்.

1. காலையில் கூட்டைத் திறக்கும்போது பார்

அனுபவசாலிகள் கூட்டைத் திறந்துவிட்டு உடனே அடுப்படிக்குப் போய்விடுவதில்லை. ஒரு நிமிடம் நிற்கிறார்கள். எந்தக் கோழி முதலில் வெளியே ஓடுகிறது, எது பின்தங்குகிறது, எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி விழுகிறது என்று பார்க்கிறார்கள். எச்சத்தின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்தால் ஆபத்து. இரத்தம் கலந்திருந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல். மாலையில் கோழி அடையும்போது கழுத்தின் கீழுள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அது நிரம்பியிருந்தால் அன்று மேய்ந்திருக்கிறது. காலியாயிருந்தால் ஏதோ குறை. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நீதிமொழிகள் சொல்லும் நிலைமை அறிதல் இதுவே.

2. வெள்ளைக்கழிச்சல் வருமுன் காத்துக்கொள்

புறக்கடைக் கோழிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. அதே காலத்தை ஒட்டிக் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள ராணிகேத்தில் காணப்பட்டதால் நம் நாட்டில் ராணிகேத் நோய் என்று பெயர். வந்த பிறகு இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிட வேண்டாம் என்கிறோம்.

வழக்கமான முறை இது: முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் லசோட்டா மருந்து, எட்டாம் வாரத்துக்கு மேல் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம் தரும் அட்டவணையையே பின்பற்றுங்கள். தமிழகக் கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் புறக்கடைக் கோழிகளுக்கென்றே குருணை வடிவத்தில் தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறது. ஊசி போடத் தெரியாதவரும் அதைத் தீனியாகக் கொடுக்கலாம்.

இரண்டு எச்சரிப்புகள். சொட்டு மருந்தும் ஊசி மருந்தும் வெயில் பட்டால் வீணாகும். பனிக்கட்டி வைத்த குடுவையில்தான் கொண்டுவர வேண்டும். நோய்ப்பட்ட கோழிக்கு ஊசி போடக்கூடாது. கோழிகள் கூட்டுக்குள் இருக்கும் அதிகாலையோ, அடைந்த பின்னான மாலையோ தடுப்பூசிக்கு ஏற்ற நேரம். பகலில் வந்தால் கோழியைத் துரத்துவதிலேயே மருந்து சூடாகிவிடும்.

3. புதிய கோழியைத் தனியே வை

நோய் பெரும்பாலும் காலால் நடந்து வருவதில்லை. கையில் தூக்கிக்கொண்டு வரப்படுகிறது. சந்தையில் வாங்கிய கோழியை அன்றே மற்றக் கோழிகளோடு விடக்கூடாது. 2 அல்லது 3 வாரம் தோட்டத்தின் ஒரு மூலையில் தனிக் கூட்டில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு வைக்க வேண்டும். நம்முடைய அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்த கோழிக்கும் இதே சட்டம்தான். ஆலயத்திலிருந்து வந்தது என்பதற்காக அதற்கு நோய் இராது என்று எண்ண வேண்டாம்!

நோய் கண்ட கோழியை அவசரமாக விற்பது அயலானின் கூட்டுக்குள் சாவை அனுப்புவதாகும். செத்த கோழியைக் குளத்திலோ தெருவிலோ எறியாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பல கோழிகள் ஒரே நேரத்தில் திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொடாமல், சமைக்காமல், கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2006-இல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது முதல் இது மனிதர் உயிரையும் சார்ந்த காரியம்.

4. அடை வைப்பதில் அவசரம் வேண்டாம்

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80. இதில் அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்குட்பட்டதாயிருக்க வேண்டும். கோடையில் ஈர மணல் போட்ட மண்சட்டியில் நிழலில் வைப்பார்கள். அடைக்கூடையில் கரித்துண்டும் மிளகாயும் இரும்புத் துண்டும் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடும் என்ற பயம் அதற்குக் காரணம். முட்டையைக் கெடுப்பது இடியல்ல. பழைய முட்டையும், அதிக வெப்பமும், சேவல் சேராததும்தான்.

ஏழாம் நாள் இரவில் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி வலை போல் இரத்த நரம்புகள் தெரியும். தெளிந்திருக்கும் முட்டையை எடுத்துவிடலாம். 21-ஆம் நாளில் குஞ்சு வெளிவரும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆண்டுக்கொரு முறை வேற்றூர்ச் சேவலை மாற்றிக்கொண்டால் வம்சம் மெலியாது. வந்த சேவலுக்கும் மூன்றாம் பாடம் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

அடை வேண்டாதபோது கோழியின் மூக்கில் இறகைச் செருகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது கொடுமை. காற்றோட்டமான, உயரமான கூண்டில் தீனி தண்ணீரோடு நாலைந்து நாள் வைத்தாலே அடை கலைந்துவிடும். நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் குறித்து அக்கறைப்படுகிறவன் என்பதை நீதிமொழிகள் 12:10-இல் படிக்கிறோமே.

5. முதல் மாதம் மூடி வை, மழையில் உலர வை

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பது பழமொழி. தாயால் குஞ்சு சாவதில்லை. பருந்து, காகம், கீரி, பூனை, நாய், குளிர் இவற்றால் சாகிறது. ஆகவே முதல் ஒரு மாதம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தின் கீழ் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் மேயவிட வேண்டும். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், நடுவில் சில கூழாங்கற்கள் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது. நொய்யும் கம்பு மாவும் முதல் தீனி.

பழைய மண்பானையில் சாணமும் கந்தல் சாக்கும் காய்ந்த ஓலையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் கரையான் மண்டியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல புரதத் தீனி காசுக்குக் கிடைக்காது.

நம் கடலூர் மாவட்டத்தில் மழைக்காலத்தைத் தனியே நினைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததை மறக்க முடியுமா? 2015 வெள்ளமும், 2024-இல் பெஞ்சல் புயலை ஒட்டி வந்த வெள்ளமும் கண்டோம். கூடு தரையிலிருந்து 2 அல்லது 3 அடி உயரத்தில் இருக்கட்டும். கூரை கயிற்றால் கட்டப்பட்டிருக்கட்டும். மழை விட்டபின் ஈரமான உமியையும் வைக்கோலையும் அள்ளிக் கொட்டிவிட்டு உலர்ந்ததைப் பரப்புங்கள். ஈரத் தரையில்தான் இரத்தக்கழிச்சல் பெருகும். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகினால் கோழி அம்மையும் பரவும்.

6. முட்டையை மூன்றாகப் பங்கிடு

இந்தப் பாடத்தை ஒரு மருத்துவமனையாக நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அனுபவமுள்ள தாய்மார்கள் முட்டையை மூன்று பங்காக நினைக்கிறார்கள்: அடை வைப்பது, விற்பது, உண்பது. நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல விலை கிடைப்பதால், வறுமையில் மூன்றாம் பங்கு மறைந்துபோகிறது. கூடு நிறையக் கோழியிருந்தும் நோயாளியின் தட்டில் முட்டை இருப்பதில்லை.

காசநோயாளிக்கு மாத்திரை எவ்வளவு முக்கியமோ ஆகாரமும் அவ்வளவு முக்கியம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ரேஷன்ஸ் என்னும் ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் மிகவும் மெலிந்த நோயாளிகளை முதலிலேயே இனங்கண்டு கவனிக்கிறது. 2018 முதல் மத்திய அரசு காசநோயாளிக்கு மாதம் ரூ.500 உணவுக்கென்று கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை ரூ.1,000 ஆக உயர்த்தியது.

கோழி முட்டை ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. நாட்டுக்கோழி முட்டை சிறியதாகையால் சற்றுக் குறையும். ஐந்து பெட்டைக்கோழி நன்றாயிருந்தால் ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாது. அதில் 100 முட்டை நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். மீதியை அடைக்கும் விற்பனைக்கும் வைத்துக்கொள்ளட்டும். முட்டையை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். நோயாளி கூட்டைப் பெருக்க வேண்டாம். தூசி அவர் நுரையீரலுக்கு ஆகாது. கோழிகளை வீட்டுக்குள் அடைக்க வேண்டாம். தவழும் குழந்தை எச்சத்தைத் தொட்டு வாயில் வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். கோழியைத் தொட்ட கையைச் சோப்பினால் கழுவ வேண்டும்.

பங்காளர்களாகிய நமக்கு என்ன பாடம்?

டென்மார்க் மிஷனெரி சங்கத்தின் முன்னோடி ஊழியரான கார்ல் ஓக்ஸ் 1860களில் பட்டாம்பாக்கத்தில் ஊழியம் செய்தார். அந்த டேனிஷ் ஊழியத்திலிருந்து வளர்ந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பின், 1990களில், அதே டென்மார்க் தேசம் வங்காளதேசத்தின் ஏழைப் பெண்களுடைய கோழி வளர்ப்புக்குக் கைகொடுத்தது. அங்கே கால்நடைத் துறையும் பிராக் என்னும் தொண்டு நிறுவனமும் 1980களிலேயே ஒரு வழி கண்டிருந்தன. கோழியைக் கொடுப்பதற்கு முன்னே, கிராமத்துப் பெண் ஒருத்தியைத் தடுப்பூசி போடப் பயிற்றுவித்தார்கள். அவள் வீடுவீடாய்ப் போய்ச் சிறு கட்டணம் பெற்று ஊசி போட்டாள். அவளுக்குப் பிழைப்பு, ஊர்க் கோழிகளுக்குப் பாதுகாப்பு. கோழியைவிட அதைக் காக்கும் கரம் முதலில் வேண்டும் என்பதை அந்த ஏழை நாடு கண்டுகொண்டது.

ஆகவே கோழிக் காணிக்கை அனுப்ப விரும்பும் சபைகளுக்கு எங்கள் ஆலோசனை இதுவே. பத்துக் குஞ்சு கொடுக்க நினைத்தால் ஐந்து கொடுங்கள். மீதிப் பணத்தை ஒரு நல்ல கூட்டுக்கும், ஓராண்டுத் தடுப்பூசிக்கும், மாதமொரு முறை போய்ப் பார்க்கிறவரின் பயணச் செலவுக்கும் ஒதுக்குங்கள். ஒரு நாள் குஞ்சுகளைக் கொடுக்காமல், முதல் தடுப்பு மருந்துகள் போட்டு 6 அல்லது 8 வாரம் வளர்ந்தவற்றைக் கொடுங்கள். கோழி வளர்த்துப் பழக்கமில்லாத வீட்டாரை, பழக்கமுள்ள ஒரு தாயோடு இணைத்துவிடுங்கள். விருத்தாசலத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் அவர்கள் விசாரித்துப் பயிற்சி பெறலாம்.

எத்தனை குஞ்சு கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. எத்தனை கோழி ஓராண்டுக்குப் பின் உயிரோடிருக்கிறது, எத்தனை முட்டை நோயாளியின் தட்டுக்குப் போனது என்று கேளுங்கள். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவிசுவாசம் அல்ல. அன்பின் ஒரு பகுதி.

நம் ஆண்டவர் எருசலேமைப் பார்த்துத் துக்கப்பட்டபோது தம்மைக் கழுகுக்கோ சிங்கத்துக்கோ ஒப்பிடவில்லை. குஞ்சுகளைச் செட்டைகளின் கீழே சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். கோழிக்குப் பருந்தை வெல்லும் வல்லமையில்லை. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: அபாயக் குரல் கொடுத்து, குஞ்சுகளை அழைத்து, தன் உடலையே அவற்றின் மேல் கூரையாக்குவது. எருசலேமோ வர மனதில்லாதிருந்தது. அவர் நமக்குச் செய்தது தூரத்திலிருந்து அனுப்பிய உதவியல்ல. தம்மையே மேலே விரித்த பாதுகாப்பு. அப்படிப்பட்டவரின் நாமத்தில் கொடுக்கும் நாம், கொடுத்த நாளோடு நின்றுவிட முடியுமா?

சிந்தித்துக் கலந்துரையாட

1. நம் சபை கடந்த ஆண்டு செய்த உதவிகளில் எதன் நிலைமையைப் பின்னர் போய்ப் பார்த்தோம்?

2. நம் ஊரில் கோழி வளர்ப்பில் அனுபவமுள்ள தாய்மார்கள் யார்? அவர்களை ஆசிரியர்களாக அழைத்திருக்கிறோமா?

3. நம் வீட்டில் விற்பதற்கு முன் உண்பதற்கென்று ஒதுக்குகிறோமா? முதலில் யாருடைய தட்டு நிரம்புகிறது?

ஜெபக் குறிப்புகள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் காசநோயாளிகளுக்காகவும், அவர்களுக்கு ஆகாரம் சமைக்கும் கரங்களுக்காகவும், கால்நடை மருந்தகங்களில் பணிசெய்கிறவர்களுக்காகவும், மழைக்காலத்தில் கூரையில்லாதவர்களுக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் கையின் பிரயாசத்தையும் காணிக்கையையும் ஆசீர்வதிப்பாராக.

ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்